நடனத் தளத்தை விடுங்கள், வாசலைப் பாருங்கள்

வடமேற்கு லண்டனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: மகளுக்குப் பதின்மூன்றரை வயது. பெப்ரவரி அரைத்தவணை விடுமுறையில், பக்கத்து நகரத்து நைட்கிளப் ஒன்றில் 13 முதல் 17 வயது வரையானவர்களுக்கு மட்டும் ஒரு நிகழ்ச்சி. மாலை 7 மணிக்குத் தொடங்கி 10.30க்கு முடிகிறது. மது கிடையாது. வகுப்பில் பாதிப் பேர் டிக்கெட் எடுத்துவிட்டார்கள் என்று மகள் சொல்கிறாள். 'இந்தப் பேச்சையே வீட்டில் எடுக்காதே' என்கிறார் அப்பா. அனுப்பலாமா, கூடாதா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சகோதரி. பதின்மூன்றரை வயதில் இந்த நிகழ்ச்சிக்கு அனுப்பாதீர்கள். இன்னும் இரண்டரை ஆண்டு கழித்து இதே கேள்வியோடு வந்திருந்தால், நாலு விஷயத்தை விசாரித்துவிட்டு 'போய்வரட்டும்' என்று சொல்லியிருப்பேன். இதை வைத்து, உங்கள் கணவரும் நானும் ஒரே கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு நான் பயப்படவில்லை. நான் பயப்படுவது அவருடைய மனத்தில் தோன்றியே இருக்காது.

நான் பதினொரு ஆண்டுகள் இங்கிலாந்தின் பல நகரங்களில் நைட்கிளப் வாசலில் காவலாளியாக நின்றவன். கையில் உரிம அட்டை, காதில் கம்பி, காலில் கனத்த சப்பாத்து. 'யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்து இதுவா வேலை' என்று என் மாமி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பெரியவர்களின் இரவுகள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் மாலைகள் நாற்பது ஐம்பது இருக்கும். இரண்டில் எந்த வேலை கடினம் என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவது என்பேன்.

சட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் நம்மவர்களுக்குக் குழப்பம் அதிகம். இந்த நிகழ்ச்சி சட்டத்தை ஏமாற்றி நடப்பதல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம். அதன்படி 18 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது குற்றம். அவருக்காக இன்னொருவர் வாங்கிக் கொடுப்பதும் குற்றம். மது விற்பதையே முதன்மையாகக் கொண்ட இடத்துக்குள் 16 வயது நிரம்பாத பிள்ளையைப் பெரியவர் துணையின்றி விடுவதும் குற்றம்தான். ஆனால் இந்தக் கடைசி விதி, அந்த இடம் மது விற்பனைக்காகத் திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். பாரைப் பூட்டிவிட்டால், அதே கட்டடம் அந்த மாலைக்கு நம் கல்யாண மண்டபம் போல வெறும் மண்டபம். சட்டம் அத்தோடு ஒதுங்கிக்கொள்கிறது.

அதற்கு மேல் ஒவ்வொரு கிளப்பின் உரிமத்திலும் அந்தந்த இடத்துக்கென்று விதித்த நிபந்தனைகள் உண்டு. சில உரிமங்களில் 18 வயதுக்குட்பட்டவர் எந்நேரமும் உள்ளே வரக்கூடாது என்றே எழுதியிருக்கும். சிலவற்றில், இளையோர் நிகழ்ச்சி நடத்துவதென்றால் முன்கூட்டியே பொலிஸுக்குத் தெரிவிக்க வேண்டும், பெரியவர்களின் இரவு தொடங்குமுன் இவ்வளவு நேர இடைவெளி விடவேண்டும் என்றெல்லாம் இருக்கும். உரிமப் பதிவேட்டைப் பொதுமக்கள் வந்து பார்க்கும்படி வைத்திருப்பது கவுன்சிலின் சட்டக் கடமை. பார்ப்பதற்குக் காசு இல்லை. என் பதினொரு ஆண்டில் ஒரு பெற்றோராவது அதைப் பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்டதாக நினைவில்லை. வீட்டுக்குத் தூசி உறிஞ்சும் கருவி வாங்குவதற்கு நாற்பது விமர்சனம் படிக்கிறவர்கள் நாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் கணவரின் கவலை என்று ஊகிக்கிறேன். சொன்னால் நம்பமாட்டார், உள்ளே நடப்பது பெரும்பாலும் சலிப்பானது. பெண் பிள்ளைகள் கைப்பைகளை நடுவில் போட்டு வட்டமாக நின்று ஆடுவார்கள். பையன்கள் சுவரில் சாய்ந்து கைபேசியைப் பார்ப்பார்கள். ஒன்பது மணிக்கு யாராவது ஒருத்தி கழிப்பறையில் அழுவாள்; நாலு பேர் அவளைச் சுற்றி நிற்பார்கள்; அரை மணி நேரத்தில் அந்த நாலு பேரில் ஒருத்தி அழுவாள். உள்ளே உண்மையாகவே கெடுவது காது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் இப்படியான இடங்களுக்கு வகுத்த நெறியில் உச்ச அளவாகச் சொல்வது சராசரி 100 டெசிபல். அந்த 100 டெசிபலில் பாதுகாப்பில்லாத காது பதினைந்து நிமிடம் இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்கான கணக்கு. பிள்ளை இருக்கப்போவது மூன்றரை மணி நேரம். நுரையாலான காதடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கும், சில பென்ஸ்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைப் போட்டுக்கொள்ளாது என்பதும் எனக்குத் தெரியும்.

இனி வாசலுக்கு வருகிறேன்.

2019 மார்ச் 17, புனித பாட்ரிக் நாள். வட அயர்லாந்தின் குக்ஸ்டவுன் நகரில் கிரீன்வேல் ஹோட்டலில் ஒரு டிஸ்கோ. பஸ் பஸ்ஸாக இளையோர் வந்து இறங்கினார்கள். உள்ளே போகும் வரிசையில் சுமார் 400 பேர். வரிசை என்று சொல்கிறோம். அது வரிசையாக இல்லை. முன்னால் இருப்பவர் நகராமல் நிற்க, பின்னால் இருப்பவர் தள்ள, மூன்று பேர் நசுங்கி இறந்தார்கள். இருவருக்கு 17 வயது, ஒருவருக்கு 16. முதலில் வந்து சேர்ந்த பொலிஸார் நிலைமையைக் கண்டு பின்வாங்கி, கூடுதல் ஆட்கள் வரும்வரை காத்திருந்தார்கள் என்பது பின்னர் பெரிய சர்ச்சையானது. அந்த மூன்று பிள்ளைகளும் சாகும்போது உள்ளே இசை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். அவர்கள் நடனத் தளத்தைப் பார்க்கவே இல்லை.

2018 டிசம்பர் 8 அதிகாலை, இத்தாலியின் கொரினால்டோ. லன்டெர்னா அசுரா என்ற நைட்கிளப். இளையோர் கொண்டாடும் ஒரு ராப் பாடகர் வரப்போகிறார் என்று கூட்டம் காத்திருக்கிறது. அவர் இன்னும் வந்து சேரவில்லை. சங்கிலி அறுக்க வந்த ஒரு கும்பல் மிளகாய்த்தூள் போன்ற காரப் புகையை உள்ளே அடித்தது. எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடினார்கள். வெளியே இறங்கும் சரிவுப் பாதையின் கைப்பிடிச் சுவர் பாரம் தாங்காமல் சரிந்தது. இறந்தவர் ஆறு பேர். ஐந்து பேர் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகள். ஆறாவது ஆள் 39 வயதுத் தாய். மகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே போனவர். 'நானும் கூடப் போகிறேன்' என்று சொல்லும் பெற்றோரிடம் இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் சொல்லிவிடுவேன். கூடப்போவது பிள்ளைக்குத் துணை. வாசல் குறுகலாக இருந்தால் அது யாருக்கும் துணையில்லை.

மெக்சிகோ நகரத்தில் 2008 ஜூன் 20இல் நடந்தது இதைவிட வேறு மாதிரி. நியூஸ் டிவைன் என்ற இடத்தில், பள்ளி ஆண்டு முடிந்ததைக் கொண்டாட மாலை நேர ஆட்டம். சட்டப்படி வயது நிரம்பாதவர்களுக்கு மது கொடுக்கிறார்கள் என்று பொலிஸ் உள்ளே நுழைந்தது. பிள்ளைகளைப் பிடித்து ஏற்றிப்போகப் போதிய பஸ் இல்லை. பஸ் வரும்வரை யாரும் வெளியேறாதபடி பொலிஸாரே வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து கூட்டம் தள்ளியது. 12 பேர் மாண்டார்கள். ஒன்பது பேர் இளையோர், மூன்று பேர் அந்தப் பொலிஸார். பிள்ளைகளைக் காப்பாற்ற வந்தவர்கள் வாசலை மூடியதால் வந்த சாவு. நகரப் பொலிஸ் தலைவர் பதவி விலக நேர்ந்தது.

சுவீடனின் கோத்தன்பர்க்கில் 1998 அக்டோபர் கடைசியில் நடந்த தீ விபத்தைப் பயிற்சி வகுப்பில் நான் எப்போதும் கடைசியாகச் சொல்வேன். ஒரு சங்கத்தின் மாடி மண்டபம்; இளையோருக்கான ஹாலோவீன் டிஸ்கோ; வந்தவர்களில் மிகப் பலர் நம்மைப்போல் வேறு நாடுகளிலிருந்து குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகள். 150 பேருக்கு அனுமதி பெற்ற இடத்தில் 400ஐ நெருங்கும் கூட்டம். நுழைவுக் காசு கட்டச் சொன்னதில் கோபப்பட்ட நாலு இளைஞர்கள், அவசர வழிப் படிக்கட்டில் தீ வைத்தார்கள். இருந்த இரண்டு வழிகளில் ஒன்று நெருப்பானது. மற்றதில் எல்லோரும் அடைந்துகொண்டார்கள். இறந்தவர் 63 பேர், பெரும்பாலும் பதின்வயதினர். தகராறு வாசலில் பிறந்தது. சாவும் வாசலில்தான் நடந்தது.

இவையெல்லாம் ஒரே மாதிரி நிகழ்ச்சிகள் அல்ல என்று யாராவது சொல்லலாம். சரிதான். ஒன்று ஹோட்டல், ஒன்று சங்க மண்டபம்; ஒன்றில் மது இருந்தது, இன்னொன்றில் நெருப்பு. நான் இவற்றை ஒன்றாக வைப்பது, வயதில் சிறியவர்கள் கூட்டமாக இருந்தார்கள், வாசல் அவர்களுக்குப் போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக.

கூட்டம் எப்படிக் கொல்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மிதிபட்டுச் சாகிறவர்கள் குறைவு. ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கும்போது ஆபத்து தொடங்குகிறது. ஆறு, ஏழு என்று ஏறினால், கூட்டம் தண்ணீர்போல் அலையடிக்க ஆரம்பிக்கும். உங்கள் கால் உங்கள் சொல் கேட்காது. நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சடைத்துச் சாகிறார்கள். பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே தள்ளுவார். இப்போது அந்த இடத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். அவளுடைய முகம் பதினேழு வயதுப் பையனின் நெஞ்சுக்கு நேரே இருக்கும். அவன் மூச்சு விடுகிற காற்று அவளுக்கு மேலே இருக்கிறது. நான் 13க்கும் 16க்கும் இடையில் கோடு போடுவதற்கு முதல் காரணம் இந்த உயரம். ஒழுக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது காரணம் கணக்கு. இதை வெளியில் இருப்பவர்கள் யோசிப்பதில்லை. பெரியவர்களின் இரவில் கிளப் பிழைப்பது பாரினால். நுழைவு இலவசம் என்றாலும் நஷ்டமில்லை. உள்ளே வருபவர் குடித்துத் தீர்த்துவிடுவார். பிள்ளைகளின் மாலையில் பார் பூட்டியிருக்கிறது. ஒரு கோலா, ஒரு தண்ணீர்ப் போத்தல், கோட் வைக்க இரண்டு பவுண், அவ்வளவுதான் வரும். ஆக இலாபம் முழுவதும் தலைக்கணக்கில் இருக்கிறது. இன்னும் நூறு தலை வந்தால் இன்னும் நூறு டிக்கெட் காசு. இந்த நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் கிளப் தானே நடத்துவதில்லை. வெளியார் ஒருவர் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்துவார். பாடசாலைகளில் துடிப்பான பிள்ளைகளைப் பிடித்து, இத்தனை டிக்கெட் விற்றால் உனக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசுவார். 'வகுப்பில் பாதிப் பேர் வாங்கிவிட்டார்கள்' என்ற செய்தி உங்கள் மகளுக்கு யார் வாயால் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். விற்கிற பிள்ளையே சொல்லியிருக்க வாய்ப்புண்டு.

வரவு இப்படி என்றால் செலவில் முதலில் வெட்டுவது வாசல் ஆட்களை. 'குடிக்காத பிள்ளைகள்தானே, பத்துப் பேர் எதற்கு, ஆறு பேர் போதும்.' இந்த வாக்கியத்தை வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு மேலாளர்களின் வாயால் அப்படியே கேட்டிருக்கிறேன். ஆறு பேரில் பெண் ஒருவர்கூட இல்லாத மாலைகளும் உண்டு. அப்போது பெண் பிள்ளைகளின் பைகளையும் உடலையும் சோதிக்க ஆளில்லை. பையன்கள் கொண்டுவந்ததெல்லாம் தோழிகளின் பைக்குப் போய்விடும். பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல.

வயதுச் சோதனை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண இரவில் எங்கள் வேலை சின்னவனைத் தடுப்பது. இருபத்தைந்து வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்போம். அது கைவந்த வேலை. பிள்ளைகளின் மாலையில் வேலை தலைகீழ். பெரியவனைத் தடுக்க வேண்டும். மீசையை மழித்துவிட்டு வரும் பத்தொன்பது வயதுக்காரனிடம் 'நீ பதினேழு என்று காட்டு' என்றால் அட்டையை வீட்டில் விட்டுவிட்டேன் என்பான். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளில் பலரிடமும் உண்மையாகவே அட்டை கிடையாது. பின்னால் வரிசை வளர்கிறது. அட்டை இல்லாதவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினால் பாதி மண்டபம் காலி. விட்டால் யாரை விட்டோம் என்று தெரியாது. மேலாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் 2016 ஜூலையில் ஒரு கிளப்பின் பதின்வயதினர் இரவு முடிந்து, பெற்றோர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 14 வயதிலும் 18 வயதிலுமாக இருவர் இறந்தார்கள். துப்பாக்கி அந்த நாட்டின் நோய். அதை இங்கே ஒட்டவைக்க மாட்டேன். ஆனால் அன்று சுடப்பட்டவர்களின் வயது 12 முதல் 27 வரை. அந்த எண்களைத்தான் நான் கவனித்தேன்.

சரி, மது. உள்ளே மது இல்லை என்பது உண்மை. பிள்ளைகள் குடிப்பது ஆறு மணிக்கு, பூங்காவில், பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால். தண்ணீர்ப் போத்தலில் வொட்கா. தண்ணீர் மாதிரியே இருக்கும். உள்ளே கொண்டுபோக முடியாது என்று தெரிந்ததால், அரை மணி நேரத்தில் முழுவதையும் குடித்துவிட்டு வருவார்கள். பெரியவர்கள் பல ஆண்டு பழகிய அளவை, நாற்பத்தைந்து கிலோ உடம்பு ஒரே மூச்சில் வாங்குகிறது. வாசலில் நிற்கும் என் முன்னால் வரும்போது நன்றாகத்தான் நடப்பாள். எட்டு மணிக்குக் கண் செருகும். இந்த நேரத்தில் வாசலில் நிற்பவன் செய்யக்கூடாத ஒன்று, குடித்திருக்கிறாள் என்று அவளைத் திருப்பி அனுப்புவது. பெரியவனை அனுப்பலாம். பிள்ளையை அனுப்பினால் எங்கே போவாள்? தோழிகள் உள்ளே, அம்மா வருவது பத்தரைக்கு. இருட்டில், தெரியாத நகரத்தில், கோட் இல்லாமல். பயிற்சி இல்லாத வாசல்காரன் அனுப்பிவிடுவான். நான் வேலைக்கு வந்த முதல் ஆண்டில் ஒருமுறை அப்படி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருமுனையில் ஒரு கடைக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். எனக்கு அது அதிர்ஷ்டம்.

பதினொரு மணிக்கு அதே வாசலில் பெரியவர்களின் இரவு தொடங்கும். பத்தரைக்கு எழுநூறு பிள்ளைகள் வெளியே வரும் நேரமும், பெரியவர்களின் வரிசை உருவாகும் நேரமும் ஒன்றுதான். தெருவில் இரண்டும் கலக்கும். காரில் சாய்ந்தபடி சிலர் நிற்பார்கள். யாருக்காக நிற்கிறார்கள் என்று கேட்டால் தங்கைக்காக என்பார்கள். சிலர் உண்மையாகவே தங்கைக்காக நிற்பவர்கள். அந்த இருபது நிமிடம்தான் எனக்கு அந்த மாலையின் மிக நீண்ட நேரம்.

இத்தனையும் சொன்ன பிறகு உங்கள் கணவரிடம் ஒரு பேச்சு. ஒரு சனிக்கிழமை, ஊர் வேண்டாம், நான் வாசலில் நிற்க ஒரு பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெயரைக் கேட்டேன், பெயரிலேயே தெரிந்துவிட்டது. தமிழில் பேசினேன். குடித்ததெல்லாம் ஒரே நொடியில் இறங்கியவள் போல நிமிர்ந்து, 'அங்கிள், அப்பாவுக்குச் சொல்லிவிடாதீர்கள்' என்றாள். வயது பதினான்கு. தோழி வீட்டில் விஞ்ஞானப் பாடம் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். தோழியின் வீட்டில், இவள் வீட்டில் படிக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். உலகத்தில் ஒரு பெரியவருக்கும் அந்த இரண்டு பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. நான் அவளுடைய அம்மாவைத்தான் அழைத்தேன். அம்மா வந்தார், ஒரு சொல் பேசாமல் தன் சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார். காரில் ஏறிய பிறகு என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. 'பேச்சையே எடுக்காதே' என்ற வீட்டில், பேச்சுத்தான் நிற்கும், போக்கு நிற்காது.

கலாசாரம் என்று அவர் ஆரம்பித்தால் நம் மண்டபங்களை நினைவுபடுத்துங்கள். பூப்புனித நீராட்டு விழா, அறுபதாம் கல்யாணம், முதலாம் பிறந்தநாள்; ஹெலிகொப்டர் ஒன்றைத் தவிர எல்லாம் இருக்கும். டிஜே இருக்கிறார், பேஸ் ஒலி நெஞ்சை உதைக்கிறது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நள்ளிரவு வரை ஆடுகிறார்கள். மாமாமார் கார் பார்க்கில் டிக்கியைத் திறந்துவைத்து நிற்கிறார்கள். குடித்துவிட்டு யார் யாருடைய பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறார் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு அந்த இடத்துக்கும் ஆறு வாசல் ஆட்கள் வேண்டும். அங்கே வயதுச் சோதனை இல்லை, பைச் சோதனை இல்லை. நாற்காலி அடுக்கி அவசர வழியை மறைத்திருப்பதை எத்தனையோ தடவை நானே எழுந்துபோய் நகர்த்தியிருக்கிறேன். உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். பிள்ளை இரவில் ஆடுவது நமக்குப் பிரச்சினை இல்லை; நாம் இல்லாத இடத்தில் ஆடுவதுதான் பிரச்சினை. அதை அப்படியே ஒப்புக்கொண்டால் மகளோடு பேசுவது சுலபமாகும்.

எதிர்த் தரப்பில் ஒரு வாதம் இருக்கிறது: கட்டுப்பாடான இடத்தில் இப்போதே பழகினால், பதினெட்டில் தடுமாறமாட்டார்கள். நல்ல பெற்றோர்கள் இதைச் சொல்கிறார்கள், அதனால் மதிப்போடு மறுக்கிறேன். நைட்கிளப்பில் பழகும் ஒரே விஷயம் நைட்கிளப். மதுவைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி 2009இல் வெளியிட்ட அறிவுரை வெளிப்படையானது: பிள்ளைப் பருவம் மதுவே இல்லாமல் இருப்பது நல்லது, எப்படியும் 15 வயதுக்கு முன் கூடாது. ஐஸ்லாந்தில் 1998இல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த முப்பது நாளில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். அங்கே இளையோர் நைட்கிளப் நடத்தி இதைச் சாதிக்கவில்லை. 13 முதல் 16 வயது வரையானவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குமேல் துணையின்றி வெளியே நிற்கக்கூடாது என்று விதித்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் நகரமே காசு போட்டது. பெற்றோர் கூட்டமாக இரவில் தெருக்களில் நடந்து பார்த்தார்கள். சுமார் நாலு லட்சம் பேர் கொண்ட நாடு. லண்டனுக்கு அப்படியே பெயர்த்துவர முடியாது என்று தெரியும். ஆனாலும் பெற்றோர் ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருப்பது லண்டனிலும் முடியாத காரியமல்ல. உங்கள் மகளின் வகுப்பில் நாலு தாய்மாரின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கிறதா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1976இல் பொலிஸாரே தொடங்கிய புளூ லைட் டிஸ்கோ என்று ஒன்று உண்டு. ஊர் மண்டபம், மது கிடையாது, வாசலில் பொலிஸ்காரர். பிள்ளைகள் கேலி செய்துகொண்டே போனார்கள். அதைப் போன்ற பாடசாலை டிஸ்கோ, இளையோர் மன்ற ஆட்டம் இங்கேயும் நடக்கிறது. நைட்கிளப்பின் பெயரும் விளக்கும் அதில் இல்லை, அதனால் பதின்மூன்று வயதுக்கு அது ஈர்ப்பாக இல்லை. ஆனால் அங்கே தலைக்கு இவ்வளவு என்று இலாபம் பார்க்கிறவர் இல்லை. எனக்கு அது போதும்.

மகளிடம் வேண்டாம் என்று சொல்லும்போது, பொய்க் காரணம் சொல்லாதீர்கள். 'கெட்ட இடம்' என்றால், போய்வந்த தோழி மறுநாளே 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்பாள், அத்தோடு உங்கள் வார்த்தை செத்துப்போகும். பெரும்பாலான மாலைகளில் உண்மையாகவே ஒன்றும் நடப்பதில்லை. வாசல், கூட்டம், பதினேழு வயதுக்காரர்கள், பத்தரை மணித் தெரு என்று இருப்பதைச் சொல்லுங்கள். எந்த வயதில் சரி என்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். முடிவே இல்லாத 'கூடாது'வைப் பிள்ளைகள் மதிப்பதில்லை.

இதையெல்லாம் படித்த பிறகும் நீங்கள் அனுப்பிவிடலாம். 'வகுப்பில் பாதிப் பேர்' என்ற சொல்லின் பலம் எனக்குத் தெரியும். என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் வளர்ந்தார்கள். அப்படியானால் அந்த வாரத்தின் ஒரு பகல் வேளையில் கிளப்புக்கே தொலைபேசியில் பேசுங்கள். நிகழ்ச்சி நடத்துபவருக்கு வேண்டாம், கட்டடத்தின் மேலாளருக்கு. உங்கள் இடம் எத்தனை பேர் கொள்ளும், எத்தனை டிக்கெட் விற்கிறார்கள் என்று இரண்டு எண் கேளுங்கள். ஒழுங்கான மேலாளருக்கு முதல் எண் தூக்கத்திலும் தெரியும். இழுத்தால், அங்கேயே முடிந்தது. வாசலில் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், முதலுதவிக்கு யார், வெளியே போனவர் திரும்ப வரலாமா என்று கேளுங்கள். திரும்ப வர விடுகிற இடமென்றால் பூங்காப் போத்தலும் திரும்பத் திரும்ப வரும். பெரியவர்களின் இரவு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வாசலில் நிற்பவர்களின் உரிம அட்டை வெளியே தெரிய வேண்டும். அதிலுள்ள எண்ணை இணையத்திலேயே எவரும் சரிபார்க்கலாம்.

மகளுக்கு ஒரு தாளில் உங்கள் எண்ணை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், கைபேசியின் மின்கலம் ஒன்பது மணிக்குச் செத்துவிடும். உள்ளே நுழைந்ததும் வந்த வழி அல்லாமல் இன்னொரு வழி எங்கே என்று பார்த்துவைக்கச் சொல்லுங்கள். வாசலில் நெருக்கினால் முன்னேறப் பார்க்காமல், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கிக்கொண்டு ஓரமாக விலகி வரச் சொல்லுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். குடித்திருந்தாலும், தோழி குடித்திருந்தாலும், அழைத்தால் அன்றிரவு ஏசமாட்டேன் என்று சொல்லுங்கள். ஏசுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றுக்குப் பிறகு ஏசலாம்.

பத்தரைக்கு வராதீர்கள், பத்து மணிக்கு வாருங்கள். வாசலுக்கு நேரே காரை நிறுத்தினால் அவளுக்கு வெட்கம், எங்களுக்கு நெரிசல். இரண்டு தெரு தள்ளி வெளிச்சமான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கோட்டை மறக்க வேண்டாம். அவள் வீட்டிலிருந்து கொண்டுபோயிருக்கமாட்டாள், கொண்டுபோனாலும் இரண்டு பவுணை மிச்சம் பிடிக்கத் தோழியின் பையில் திணித்திருப்பாள். பெப்ரவரிக் குளிரில், வியர்வையில் நனைந்து வெளியே வருவாள்.